வாடைக்காற்றில் ஒரு நாள்



கன்னியாகுமரி நோக்கிய நெடும்பயணத்தைச் சென்னையின் பெருங்குடியில் தொடங்கும் மிதிவண்டிப் பயணி, முதல் நாள் மாலை புதுச்சேரியை அடைவாரா, மரக்காணத்திலேயே தங்கிவிடுவாரா என்பதை அவருடைய கால்களைவிடக் காற்றே பெரிதும் முடிவு செய்கிறது. ஏறத்தாழ 140 கி.மீ. நீளும் இக்கடற்கரை வழியில் பாலங்களைத் தவிர மேடு என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை; அந்தக் குறையைக் காற்று தீர்த்து வைக்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் செல்பவருக்கு எதிரே 10 கி.மீ. வேகத்தில் காற்று வீசினாலே, அவர் மீதான எதிர்ப்பு இரண்டேகால் மடங்காகிவிடும். பின்சக்கரத்தின் இருபுறமும் தொங்கும் பக்கப்பைகள், உடைகளும் கருவிகளும் அடைத்துப் புடைத்திருக்கும்போது, அந்த எதிர்ப்பை இன்னும் கூட்டுகின்றன.

ஆதலால் மாதமும் திசையும் சேர்ந்து அமைய வேண்டும். பருவமழை ஓய்ந்த தை மாதத்தில் வடகிழக்கிலிருந்து வீசும் வாடை, தெற்கே செல்பவரைப் பின்னாலிருந்து தள்ளும். அதே மாதத்தில் கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்குத் திட்டமிடுவோர் அதே காற்றை நாளெல்லாம் நெஞ்சில் வாங்குவர். கோடையிலோ, நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால் நண்பகலையொட்டிக் கடற்காற்று எழுந்து, தென்கிழக்கிலிருந்து குறுக்கிடும். வெயிலின் கொடுமையோடு அதுவும் சேர்ந்துகொள்ளும்.

பெருங்குடியிலிருந்து பொழுது விடிவதற்கு முன்பே புறப்படுவது நலம். மெட்ரோ ரயில் பணிகளால் பழைய மகாபலிபுரம் சாலை பல இடங்களில் குறுகியிருக்கிறது. தொழில்நுட்ப நிறுவனங்களின் பேருந்துகள் வரத்தொடங்கிவிட்டால் மிதிவண்டிக்கு அங்கே இடமில்லை. மேற்கே, 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்க்கப்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். அதன் ஒரு பகுதியையே விழுங்கி வளர்ந்த மாநகராட்சிக் குப்பைக்கிடங்கின் நாற்றம் இருட்டிலும் வழிகாட்டும். கிழக்கே பக்கிங்காம் கால்வாய். அதைக் கடக்கும் பாலங்கள் சிலவே ஆகையால், கடற்கரைச் சாலைக்குப் போக வேண்டியவர் சோழிங்கநல்லூர் வரை தெற்கே சென்று, அங்கிருந்து அக்கரை என்னும் இடத்துக்குத் திரும்ப வேண்டும். 1877-78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தின்போது, பசித்த மக்களுக்குக் கூலி கொடுக்கும் நிவாரணப் பணியாக அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டப்பட்ட பகுதியால் அன்றைய ஆளுநரின் பெயரைப் பெற்ற இக்கால்வாய், மரக்காணம் பக்கம்தான் முடிகிறது. பயணி அறிந்தோ அறியாமலோ நாள் முழுதும் அதன் அருகிலேயே செல்கிறார்.

முட்டுக்காடும் கோவளமும் விரைவில் கடந்துபோகும். மாமல்லபுரம் பற்றி எழுதாதவர் இல்லை. பயணிக்கு அவ்வூர் இட்லியும் பொங்கலும் கிடைக்கும் இடம் என்ற அளவில் போதும். கல்பாக்கம் தாண்டி, வாயலூர் அருகே பாலாற்றின் நீண்ட பாலத்தில் ஏறும்போதுதான் சென்னை உண்மையில் பின்தங்குகிறது.

அதற்குத் தெற்கே எங்கேனும் ஒரு பஞ்சரை எதிர்பார்ப்பதே அறிவுடைமை. லாரி டயர்கள் வெடித்துச் சிதறும்போது அவற்றின் உள்ளிருக்கும் மயிரிழை போன்ற எஃகுக் கம்பிகள் சாலையோரத்தில் பரவுகின்றன. மிதிவண்டி செல்ல வேண்டியதும் அந்த ஓரத்தில்தான். கம்பி, டயரில் கண்ணுக்குத் தெரியாமல் தங்கிவிடும். உட்புறத்தை விரலால் மெல்லத் தடவி அதைக் கண்டெடுக்காமல் டியூபை மட்டும் ஒட்டினால், சிறிது தொலைவிலேயே மீண்டும் காற்று இறங்கும். கூவத்தூரை அடுத்த சாலையோரக் கடைகளில் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைக் கண்டு, உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது சற்று உலரும்வரை ஊதி, ஒட்டுப்போட்டுத் தட்டும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. சிக்கல் அதற்குப் பிறகே தொடங்குகிறது. இக்கடைகளின் பம்புகள், சிறு ரப்பர்க் குழாய் மாட்டிய பழைய சைக்கிள் வால்வுக்கும் மோட்டார் சைக்கிள் வால்வுக்கும் பொருந்துவன; விலையுயர்ந்த மிதிவண்டிகளிலோ பிரெஸ்டா எனப்படும் மெல்லிய வால்வு, அதாவது நுனியிலுள்ள சிறு திருகைத் தளர்த்திய பின்னரே காற்றை ஏற்கும் வகை, பொருத்தப்பட்டிருக்கிறது. சுண்டுவிரல் நகத்தளவுள்ள பித்தளை அடாப்டர் ஒன்று கையில் இல்லையென்றால், இலட்ச ரூபாய் வண்டியும் கடைவாசலில் நிற்க வேண்டியதுதான்.

அடுத்து வரும் கடப்பாக்கத்தை உள்ளடக்கிய பகுதிக்கு இடைக்கழிநாடு என்ற பெயர் இன்றும் பேரூராட்சியின் பெயராக நிலைத்திருக்கிறது. பத்துப்பாட்டுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படையை இயற்றிய நத்தத்தனார் இந்நாட்டு நல்லூரைச் சேர்ந்தவர். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் எதிர்ப்படும் வறிய பாணனிடம், எவ்வழியே சென்றால் எவ்வூரில் என்ன உணவு கிடைக்கும் என்று சொல்லி வள்ளலிடம் அனுப்பும் நூல்வகை ஆற்றுப்படை. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. நெடுவழிப் பயணிக்கு ஆற்றுப்படையைவிடப் பயனுள்ள இலக்கிய வகை வேறில்லை. உணவு விடுதிகளை ஊர்வாரியாகச் சொல்லும் இன்றைய கைபேசிச் செயலிகள் அப்பணியைச் சுவை குன்றிச் செய்கின்றன. கடப்பாக்கத்தின் அருகிலுள்ள ஆலம்பரைக் கோட்டை 1750இல் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் கைக்குப் போய், 1760இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டது. எஞ்சிய செங்கல் மதில்களைப் பார்க்க நெடுஞ்சாலையிலிருந்து கடலை நோக்கி விலக வேண்டும். வாடை துணையிருக்கும் நாளில் அதற்கு நேரமுண்டு.

மரக்காணத்து உப்பளங்களில் தை மாதத்தில், மழையால் சிதைந்த பாத்திகளைச் சீர்செய்யும் வேலை நடக்கும். வியர்வையோடு உப்பையும் இழக்கும் உடலுக்குத் தண்ணீர் மட்டும் குடித்தால் போதாது. இளநீரோடு நிறுத்திவிடாமல், உப்பு தாராளமாகப் போட்ட நீர்மோரைக் கேட்டு வாங்கிக் குடிப்பதே முறை. அதன்பின் எஞ்சும் சுமார் 35 கி.மீ. தொலைவைக் காலாப்பட்டு வழியாகக் கடந்து, பொழுது சாயுமுன் புதுச்சேரிக்குள் நுழையலாம்.

அடுத்த தையில் தாங்கள் வருவதாக இருந்தால், பெருங்குடியிலிருந்து விடியற்காலை நான்கரைக்குப் புறப்படும்படி திட்டமிடுக. மாற்று டியூப்கள் இரண்டும் அந்தப் பித்தளை அடாப்டரும் பையின் அடியில் அல்ல, கைக்கு எட்டும் மேல்பகுதியில் இருக்கட்டும்.