முள் அப்படித்தான் காட்டும்

போன வருசம் ஐப்பசியில் ஒரு ராத்திரி 11 மணிக்கு என் சின்னம்மா மகன் போன் பண்ணினான். வடக்கே ஒரு ஊரில், விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளியொன்றில் அவனுக்கு மெக்கானிக் வேலை. "அக்கா, ஒரு விசயம் எழுதிப் போடணும். எழுதட்டுமா, வேணாமா?"ன்னு கேட்டான். எழுதுறதையே பொழப்பா வச்சிருக்கிற நான் அன்னைக்குச் சொன்ன பதில்: "எழுதாத சாமி. சும்மா இரு."

அந்தப் பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அங்கே ஓடுவது செஸ்னா 152. ரெண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். 1977-லிருந்து 1985 வரைதான் இதைச் செய்தார்கள். ஆக, இன்னைக்குப் பறக்கிற எந்த 152-ம் 40 வயசை ஒட்டியது, இல்லையென்றால் தாண்டியது. ரெண்டு இறக்கைக்குள்ளும் ஒவ்வொரு பெட்ரோல் டாங்க். ரெண்டும் சேர்த்து 26 அமெரிக்க கேலன், நம்ம கணக்கில் சுமார் 98 லிட்டர். அதில் ஒன்றரை கேலன் இஞ்சினுக்கு வந்து சேராமல் அடியிலேயே தங்கிவிடும். ஓட்டுகிறவர் முன்னால் இருக்கிற பலகையில் ரெண்டு டாங்குக்கும் ரெண்டு கேஜ். அதில் இடது பக்க முள் பாதியிலேயே நிற்கும். நிரப்பினாலும் பாதி. பறந்துவிட்டு இறங்கினாலும் பாதி.

கேட்டால் மூத்த மெக்கானிக்கும் சொல்வார், கற்றுக்கொடுக்கிறவர்களும் சொல்வார்கள்: "லெஃப்ட் அப்படித்தான் காட்டும். குச்சி விட்டுப் பாத்துக்க."

குச்சி விடுவதில் தப்பில்லை. இறக்கை மேல் இருக்கிற மூடியைத் திறந்து, அந்த டாங்குக்கென்றே கோடு போட்ட குச்சியை இறக்கி, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்க்கணும். கேஜ் நல்லா வேலை செய்தாலும் பறக்குமுன் அதைச் செய்யத்தான் வேணும். ஆனால் குச்சி தரையில் நிற்கிறவரைக்கும்தான். மேலே போனபிறகு மூடி வழியாகப் பெட்ரோல் போய்விட்டாலோ, ஒரு டாங்க் மட்டும் வேகமாக் குறைஞ்சாலோ, சொல்வதற்கு அந்த முள்ளை விட்டால் நாதியில்லை.

இன்னொரு பேச்சும் அந்தக் கொட்டகையில் உண்டாம். "காலியா இருக்கறப்ப பூஜ்யம் காட்டினாப் போதும், மத்த இடத்துல சரியா காட்டணும்னு சட்டமே இல்ல." சிறு விமானங்களுக்கான அமெரிக்க விதியைப் பாதி படித்தவர்கள் உலகம் பூராவும் இதைச் சொல்கிறார்கள். அந்த விதியில் இருந்தது வேறு. எடுக்க முடியாத பெட்ரோல் மட்டும் மிச்சமிருக்கும்போது முள் பூஜ்யத்தில் நிற்கவேண்டும் என்றது. அடியில் கிடக்கிற அந்த வண்டலைக் கணக்கில் சேர்த்து ஏமாறாதே என்பதற்காக. பறக்கும்போது ஒவ்வொரு டாங்கிலும் எவ்வளவு இருக்கிறது என்று காட்டவேண்டும் என்பதும் அதே விதியில்தான் இருந்தது. அந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை.

தம்பிக்கு இது புதுசில்லை. பள்ளிக்கூட லீவெல்லாம் நாமக்கல்லில் ஒரு லாரி எலக்ட்ரிகல் பட்டறையில் கழித்தவன். லாரி டாங்கிலும் இதே கூத்துதான். பெட்ரோலில் ஒரு மிதவை மிதக்கும். அதன் கம்பி ஏற இறங்க, முனையில் இருக்கிற தொடுவான் ஒரு மின்தடைச் சுருள் மேல் உரசிக்கொண்டே நகரும். தடை மாற, கேஜில் முள் நகரும். மிதவை ஓட்டையாகிப் பெட்ரோல் குடித்தால் மூழ்கிவிடும், முள் குறைத்துக் காட்டும். கம்பி சிக்கிக்கொண்டால் நின்ற இடத்திலேயே நிற்கும். சுருள் தேய்ந்தால் முள் துள்ளும். எர்த் துருப்பிடித்தால் அதுக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லும். "லாரின்னா டீசல் தீந்து ரோட்டோரம் நிக்கும். இது எங்கக்கா நிக்கும்?"

அவன் போன் பண்ணின அன்னைக்குச் சாயங்காலம் ஒரு பொண்ணு தனியாகத் தூரப் பறத்தல் முடித்து இறங்கியிருக்கிறாள். அவன் இடது டாங்கில் குச்சி விட்டான். நுனி மட்டும் நனைந்தது. உள்ளே முள் பாதியில் நின்றது. ரெண்டு டாங்கும் சேர்ந்தே இஞ்சினுக்குப் போகிறதால், வலது டாங்கில் இருந்தது அவளைக் கொண்டுவந்து சேர்த்தது. அந்தப் பொண்ணும் எட்டிப் பார்த்தாள். மூத்தவர் வந்து பார்த்துவிட்டு, "ஃபில் பண்ணிடு" என்று போய்விட்டார்.

விமானத்தில் எழுதப்படாத பழுது பழுதே இல்லை. பதிவேட்டில் எழுதிவிட்டால், லைசன்ஸ் உள்ளவர் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவரை அது பறக்க முடியாது. பறக்காத ஒவ்வொரு நாளும் முதலாளிக்கு நட்டம். அதனால்தான் வாயால் சொல்வார்கள், எழுதமாட்டார்கள்.

நான் ஏன் சும்மா இருக்கச் சொன்னேன்? அவன் படிப்புக்குச் சின்னம்மா தோட்டை வித்தது. பேங்க் கடன் இன்னும் பாதி நிக்குது. எங்க தெருவிலிருந்து ஒரு விமானக் கொட்டகைக்குள் வேலைக்குப் போன முதல் ஆள் அவன். லைசன்ஸ் பரீட்சை பாக்கி. ஊர் ஊராகப் போய் "பயப்படாதீங்க, எழுதிக் குடுங்க"ன்னு பேசுகிற நான், என் வீட்டுப் பையன் என்றதும் "அப்படித்தான் காட்டும்"னு சொன்னவர்கள் பக்கம் போய் நின்னுட்டேன்.

மூணாம் நாள் அவன் எழுதிவிட்டான். கீழே அந்தப் பொண்ணும் எழுதியிருக்கிறாள், நானும் பார்த்தேன் என்று. ரெண்டு வரி.

டாங்கை வடித்து, பாட்டரி இணைப்பைக் கழற்றி, மிதவைக் கம்பியைக் கையால் அசைத்து மல்டிமீட்டரில் தடையைப் பார்த்தார்கள். ஒரே சீராக ஏறவேண்டிய கணக்கு பாதிக்குமேல் அறுந்து அறுந்து வந்தது. எர்த் திருகும் துரு. திருகைத் தேய்த்துச் சுத்தம் பண்ணியாச்சு. மிதவை அமைப்பு புதுசு வேண்டும். "லாரிக்கடைல கெடைக்குமே, அதே சாமான்தானே?" என்றாராம் முதலாளி. பார்க்க அண்ணன் தம்பி மாதிரித்தான் இருக்கும். ஆனால் தகுதிச் சான்று இல்லாத சாமானை விமானத்தில் மாட்டமுடியாது. சான்றோடு வந்துசேர 19 நாளாச்சு. புது பேக்கிங் வைத்து மாட்டி, கசிவு பார்த்து, விமானத்தை மட்டமாக நிறுத்தி, அந்த எடுக்கமுடியாத முக்கால் கேலனை மட்டும் ஊற்றினார்கள். முள் பூஜ்யத்தில் நின்றது. பிறகு அஞ்சு அஞ்சு லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் முள் எங்கே நிற்கிறது என்று ஒரு அட்டையில் தம்பி குறித்தான்.

அப்புறம் நான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 1983 ஜூலை 23-ல் ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து, இஞ்சின் ரெண்டும் நின்று, கிம்லி என்கிற பழைய விமானத்தளத்தில் சறுக்கிக்கொண்டே இறங்கியது. 69 பேரும் பிழைத்தார்கள். எரிபொருளை அளக்கிற கருவியில் சரியாகப் பற்றவைக்காத ஒரு ஈய ஒட்டு. கேஜ் வேலை செய்யவில்லை. கீழே அளவு பார்த்தார்கள். ஆனால் 22,300 கிலோ இருக்கவேண்டிய இடத்தில் 22,300 பவுண்டு, கிட்டத்தட்ட பாதிதான் இருந்தது. கணக்குப் போட்டவர்கள் கிலோவையும் பவுண்டையும் குழப்பிவிட்டார்கள். குச்சி இருக்கே, கணக்கு இருக்கே என்று கேஜை விட்டால் என்னாகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

தம்பி இன்னொன்றும் சொன்னான். அதுதான் எனக்கு உறைத்தது. அதே பலகையில் ஆயில் பிரஷர் கேஜ் இருக்கிறது. இஞ்சினிலிருந்து ஒரு சன்னக் குழாய் வழியாக ஆயிலே நேராக அதுக்கு வரும். அந்த முள் விழுந்தால் இஞ்சின் சாகப்போகுதுன்னு அர்த்தம், உடனே இறங்க இடம் பார்க்கணும். "இடது முள் பொய் சொல்லும்னு பழக்கிட்டம்னா, புள்ளைங்க இதையும் அப்படித்தான் காட்டும்னுதானக்கா நெனைக்கும்?"

ஒரு பொய் முள் தன்னோடு நிற்பதில்லை. பக்கத்து முள்ளையும் பொய்யாக்கிவிடுகிறது. பார்க்கிற கண்ணையும்.

தை மாசம் அவன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. காரணம் எதுவும் எழுத்தில் தரவில்லை. அதுவும் வாயால்தான். ரெண்டு மாசம் வீட்டில் இருந்தான். அந்த ரெண்டு மாசமும் சின்னம்மா என்னோடு சரியாப் பேசவில்லை. நான்தான் எழுதச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டது. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது வேறொரு ஊரில் வேலை. அங்கேயும் பழைய செஸ்னாதான். போன வாரம் கேட்டேன், அங்க கேஜெல்லாம் எப்படிடா என்று.

"ஒண்ணு சரியில்லக்கா. எழுதிட்டேன்."