வலையின் கண்ணும் வலைஞனின் கண்ணும்

யாழ்ப்பாணத் தீவகத்தைச் சூழ்ந்த கடலிற் பெரும்பகுதி ஆழங்குறைந்த பரவைக்கடலாகும். ஊர்காவற்றுறை, வேலணைக் கரைகளிலே நெஞ்சளவு நீரில் நின்றே தொழில்செய்யத்தக்க இடங்கள் பலவுள. கீழே வெண்மணலும் சாதாளையும். மேலே மறைப்பேதுமற்ற வெயில். இத்தகைய கடலில் உழைப்பவனுக்குக் கையினும் கண்ணே முதற்கருவி எனல் மிகையாகாது.

கருவிகளைத் தெரிந்தெடுப்பதில் எம்மவர் வல்லவர். ஓராவுக்கு எந்தக் கண் வலை, நண்டுக்கு எந்தக் கண் வலை என்பதை விரலை விட்டு அளந்தே வாங்குவர். ஆயின், அவ்வலையைப் பார்க்கும் கண்ணுக்கு ஒரு காப்புத் தேடும் வழக்கம் அவர்களிடையே அரிது. கறுப்புக் கண்ணாடி என்றதும் திரைப்பட நாயகனோ, கண்ணிற் சத்திரசிகிச்சை செய்துகொண்ட முதியவரோதான் நினைவுக்கு வருகின்றனர். நயினாதீவில் வாழ்ந்த என் பெரியப்பாவிடம் இதுபற்றி ஒருமுறை பேசினேன். “உதைப் போட்டுக்கொண்டு துறைக்குப் போனால், படத்திலை நடிக்கப் போறியோ எண்டு கேப்பாங்கள், தம்பி” என்று அவர் சிரித்தார். அவ்வேளை அவரது வலக்கண்ணின் வெண்பகுதியிலிருந்து கருவிழியை நோக்கி ஒரு சதை வளர்ந்திருந்தது.

அச்சதைக்கு மருத்துவர் வழங்கும் கிரேக்கப் பெயரின் பொருள் ‘சிறு சிறகு’ என்பதாம். வெயிலிலும் காற்றிலும் நெடுங்காலம் உழைப்போரிடம் இது மிகுதியாகக் காணப்படுகிறது. கண்ணின் வில்லையில் வெண்புரை உண்டாவதற்கும் வெயிலுக்கும் தொடர்புண்டு. அமெரிக்காவின் செசப்பீக் விரிகுடாவில் தொழில்செய்த 838 பேரை ஆராய்ந்து, 1988இல் கியூ டெய்லரும் அவர்தம் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஊதாகடந்த கதிர்களுக்கு மிகுதியாக ஆட்பட்டோரிடம் ஒருவகை வெண்புரை கூடுதலாக இருந்ததை அது காட்டிற்று. அவர்களும் பரவைக்கடலில் நண்டும் மட்டியும் எடுத்தோரே. எனவே அம்முடிவு நமக்கு அந்நியமானதன்று.

இங்கு ஒரு மயக்கம் நீங்குதல் வேண்டும். கருமை வேறு, காப்பு வேறு. இருண்ட வில்லையின் பின்னே கண்மணி விரியும். அவ்வில்லை ஊதாகடந்த கதிரைத் தடுக்காதாயின், விரிந்த வாயில்வழி அக்கதிர் உட்புக இடமுண்டு. ஆகவே எவ்வளவு கறுப்பு என்று பாராது, 400 நனோமீற்றர் வரையுள்ள கதிரைத் தடுக்கின்றதா என்று கேட்டறிதலே முறை. ‘யூவி 400’ என்னும் குறி இதனையே சுட்டும். ஒட்டுத்தாளை மட்டும் நம்பாது, அளவுகருவியுள்ள கண்ணாடிக் கடையிற் சோதித்து வாங்குதல் நன்று.

அடுத்தது நீரின் பளபளப்பு. நீர்மேற்பரப்பிலே தெறிக்கும் ஒளி பெரிதும் கிடையாக அதிர்வது, அதாவது முனைவாக்கமுற்றது. இதற்குரிய கோண விதியை 1815இல் டேவிட் புறூஸ்டர் கண்டார். நீரைப் பொறுத்தவரை அக்கோணம் செங்குத்திலிருந்து ஏறத்தாழ 53 பாகை. நீருக்கு மேல் ஒன்றரை மீற்றர் உயரத்திற் கண்ணிருப்பின், சுமார் 2 மீற்றர் முன்னேயுள்ள நீரையே அக்கோணத்திற் காண்போம். ஞாயிற்றின் எதிரொளி அவ்விடத்தில் விழும்போதே மணலிற் புதைந்த திருக்கை மறைந்துபோகிறது. முள் காலில் ஏறிய பின்னரே அது தெரியவருகிறது. 1929இல் எட்வின் லாண்ட் உருவாக்கிய போலறொயிட் தகடு இப்பளபளப்பை வடிக்கும் ஒரு வலை எனலாம். நிமிர்ந்து அதிரும் ஒளியை விடுத்து, கிடையாக அதிர்வதை அது தடுத்துவிடும். ஆயினும் இது வேறொரு பண்பு. முனைவாக்க வில்லை என்பதனாலேயே ஊதாகடந்த கதிர்க்காப்பும் உண்டென்று கொள்ளலாகாது. இரண்டையும் தனித்தனியே கேட்டல் வேண்டும்.

முனைவாக்க வில்லையைச் சோதிப்பது எளிது. அத்தகைய இரு கண்ணாடிகளின் வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒன்றைக் குறுக்காகத் திருப்பினால் இருள் சூழும். நிறத்தைப் பொறுத்தவரை, மணலும் சாதாளையும் வேறுபட்டுத் தெரியவேண்டிய பரவைக்கடலுக்கு மண்ணிறம் ஏற்றது. நெடுந்தீவுக்கு அப்பால் திறந்த கடலிற் செல்வோர்க்குச் சாம்பல்நிறம் பொருந்தும். பக்கவாட்டு ஒளி புகாதவாறு முகத்தோடு ஒட்டிய சட்டமும், பின்கழுத்திற் கட்ட ஒரு கயிறும் வேண்டும். உடையும் கண்ணாடியினும் பொலிகாபனேற்று வில்லையே வள்ளத்துக்கு உகந்தது. உப்புப் படிந்த வில்லையைச் சாரத்தால் துடைத்தால் கீறல் விழும். நன்னீர் அரிதான தீவுகளிலும் இதற்கு ஒரு சிரட்டை நீர் போதும்.

குறைகளும் உள. கைத்தொலைபேசியினதும் திசைகாட்டுங் கருவிகளினதும் திரைகள் சில கோணங்களில் இருண்டு தோன்றும். அந்திப்பொழுதில் கண்ணாடியைக் கழற்றுதலே பாதுகாப்பு. அகன்ற பனையோலைத் தொப்பியின் பயனைக் கண்ணாடி நீக்கிவிடாது; இரண்டும் சேர்ந்தே காப்பாகும்.

முனைவாக்கத்தை நாம் பரீட்சைக்காகக் கற்று மறக்கிறோம். அதன் பயனை நாள்தோறும் வேண்டிநிற்பவர் பரவைக்கடலில் நிற்கின்றனர். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வலை, கயிறு, மிதவை ஆகியவற்றோடு தரமறிந்த கண்ணாடியையும் தொழிற்கருவியாகக் கருதிக் குறைந்த விலையில் வழங்குமாயின், துறையில் எழும் ஏளனச் சிரிப்பு தானே அடங்கும். கண்ணாடிகளைச் சோதித்துக் கொடுக்கும் பணியைப் பல்கலைக்கழகத்துப் பௌதிக மாணவர் ஏற்கலாம். அதற்கு ஓர் அளவுகருவியும் ஒரு விடுமுறைநாளும் போதுமானவை.