சிறுத்த இரைப்பையும் சிறுக்காத அச்சமும்

உடல் பருத்தோரின் இரைப்பையைச் சத்திரசிகிச்சையால் சிறிதாக்கும் முறை இன்று உலகெங்கும் பரவிவிட்டது. பதுளையில் கடை வைத்திருக்கும் எமது உறவினர் ஒருவரும் கொழும்பு சென்று இச்சிகிச்சையைச் செய்துகொண்டார். தோட்டத்து லயத்தில் பிறந்து, ரொட்டியும் சம்பலும் தின்று வளர்ந்தவர் அவர். லயத்துப் பிள்ளைக்கு இந்த வியாதியா என்று சிலர் நகைத்தனர். நமக்கோ நகைக்கத் தோன்றவில்லை, சிந்திக்கவே தோன்றிற்று.

இச்சிகிச்சைகளுள் பெருவழக்காயுள்ள ஒன்றில் இரைப்பையின் ஏறக்குறைய முக்கால் பங்கு வெட்டி நீக்கப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஓமோன் பெரும்பாலும் அப்பகுதியிலேதான் சுரக்கிறது. 1999-ல் யப்பானிய விஞ்ஞானிகள் அதனைக் கண்டறிந்தனர். ஆகவே, சிகிச்சைக்குப் பின் வயிற்றின் இடம் மட்டுமன்று, பசியும் குறைகிறது. மூன்று ரொட்டி தின்றவருக்கு அரை ரொட்டி போதும். நன்றாக மென்று விழுங்க வேண்டும். உணவோடு நீர் பருகலாகாது. விற்றமின் மாத்திரைகளை ஆயுள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். பலருக்கு நீரிழிவு தணிகிறது. இந்நன்மையை மறுப்பது அறிவுடைமையாகாது.

ஆயினும், கத்தி எட்டாத இடமொன்று உண்டு. "வயிறு போதும் என்கிறது. ஆனால் தட்டிலே மிஞ்சியதைக் கண்டால் நெஞ்சு பதைக்கிறது" என்றார் உறவினர்.

அப்பதைப்பு எங்கிருந்து வந்தது? 1974-ல் அவர் கைக்குழந்தை. அக்காலத்தில் பங்கீட்டு அரிசி குறைக்கப்பட்டது. கோதுமை மாவின் விலை ஏறிற்று. தோட்டங்களிலே மக்கள் பட்டினியால் மடிந்தனர். பிழைத்தோர் பலர் நகரங்களுக்கு வந்து கையேந்தினர். அந்த நாட்களைக் கடந்து வந்த தாய், சோற்றை மிச்சம் வைப்பது பாவம் என்று மகனுக்குக் கற்பித்தாள். இன்று மருத்துவரோ மிச்சம் வைக்கக் கற்பிக்கிறார். மகன் இன்னொரு பிடி வேண்டாமென்றால், தன் அன்பையே அவன் தள்ளிவிட்டதாக அம்மூதாட்டி கண்கலங்குகிறாள். ஒருவருடைய வயிற்றைத்தான் வைத்தியர் வெட்டினார். ஆனால் உண்ணும் முறையைக் குடும்பம் முழுவதும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது.

பருமனும் பட்டினியும் எதிரெதிர்த் துருவங்கள் என எண்ணுவது தவறு. பசியை அடக்கச் சீனி கரைத்த தேநீர், வயிற்றை நிரப்பக் கோதுமை மா: மலிவான இவை வயிற்றை நிரப்புமேயன்றி ஊட்டம் தாரா. ஆகையினால் ஒரே லயத்தில் ஒரு காம்பிராவிலே நீரிழிவும் அடுத்த காம்பிராவிலே இரத்தச்சோகையும் குடியிருக்கின்றன. 2016-ம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, வளர்ச்சி குன்றிய ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் நாடு முழுவதிலும் நூற்றுக்குப் 17 பேர். தோட்டங்களிலோ ஏறக்குறைய 32 பேர். 2022-ன் நெருக்கடியில் மாவின் விலை மறுபடியும் பாய்ந்தேறியபோது, பசறையிலும் லுணுகலையிலும் தாய்மார் தம் பங்கைக் குறைத்தே பிள்ளைகளுக்கு ஊட்டினர். அக்குழந்தைகளின் நெஞ்சிலும் அதே அச்சம் விதைக்கப்பட்டிருக்கிறது.

இரைப்பையைச் சிறிதாக்கும் விஞ்ஞானத்தை வரவேற்போம். ஆனால், நாளைக்கு உணவு கிடைக்குமோ என்னும் அச்சத்தை அகற்றும் சிகிச்சை வைத்தியசாலையில் இல்லை. உழைப்புக்கேற்ற கூலியிலும், லயத்து மக்கள் கீரையும் காய்கறியும் பயிரிடத் தமக்கெனச் சொந்தமாகப் பெறும் நிலத்திலுமே அது இருக்கிறது. அதைச் செய்ய வேண்டியவர்கள் வைத்தியர்கள் அல்லர், நாம் அனைவருமே.