தாங்கும் செடி

முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் செல்லும் வீதியில், கடலுக்கும் களப்புக்கும் இடையே அமைந்தது நாயாறு. மணற்பாங்கான அந்நிலத்தில், எமது வளவின் தென்மூலையில், மூன்று கோடைகளாக ஒரு விருந்தாளி வாழ்கிறது. டிக்கியா என்பது அதன் பெயர். பிரேசில் முதலிய தென்னமெரிக்க நாடுகளின் பாறை நிலங்களே அதன் தாயகம். சதைப்பற்றுத் தாவரங்களை ஆராய்ந்த சால்ம்-டிக் என்ற ஜேர்மன் பிரபுவின் நினைவாக இப்பெயர் வந்தது. கொழும்பு நண்பர் ஒருவர் தந்த பக்கக்கன்றையே நட்டேன்.

பார்ப்பவர்கள் கற்றாழை என்கிறார்கள். உண்மையில் இது அன்னாசியின் உறவு. பகலில் இலைத்துளைகளை மூடி, இரவில் திறந்து மூச்சுவிடும். தடித்த இலைகளில் நீரைச் சேமிக்கும். அன்னாசிச் செடி ஒருமுறை காய்த்தபின் பக்கக்கன்றுகளை விட்டுவிட்டு மடியும். டிக்கியாவோ பக்கவாட்டில் பூந்தண்டு விடுவதால், பூத்த பின்னும் தாய்ச்செடி நிலைத்திருக்கும்.

வளர்ப்பதற்கு முழு வெயில் வேண்டும். மாரியில் வேர் அழுகாதிருக்க, சரளை கலந்து மண்ணை மேடாக்கியுள்ளேன். இலையோர முட்கள் கொக்கிபோல் வளைந்தவை. களை பிடுங்கக் குறடு தேவை. சோளகம் வீசும் மாதங்களில், மண் நன்கு காய்ந்ததும் மாலையில் நீர் ஊற்றுவேன்.

அயலில் உள்ள கடற்றொழிலாளி ஒருநாள் கேட்டார்: "ஐயா, உதுக்கேன் தண்ணி ஊத்திறியள்? அது தன்பாட்டில நிக்கும்தானே?"

நிற்கும். ஆனால் வளராது. நீண்ட வறட்சியில் இலைகள் உட்புறமாகச் சுருளும், நுனிகள் கருகும். நீர் கிடைத்தால் கன்றுகள் வெடித்துக் கிளம்பும். வறட்சியைத் தாங்கும் செடி, வறட்சியை விரும்பும் செடியன்று.

இக்கரையோர மக்கள் 1984 டிசம்பரில் ஊரைவிட்டு விரட்டப்பட்டவர்கள். 2004இல் ஆழிப்பேரலையையும் 2009 வரை போரையும் இம்மாவட்டம் கண்டது. "எதையும் தாங்கும் வன்னி மக்கள்" என்ற தலைப்பைச் செய்தி அறைகளில் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். பாராட்டுத்தான். ஆயினும் அதற்குள் ஓர் ஆபத்து உண்டு: தாங்குபவர்களுக்கு வீதியும் குடிநீரும் சற்றுப் பிந்தினாலும் பாதகமில்லை என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது.

இதை அயலவரிடம் விளக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. சென்ற மாதம் கன்றொன்று கேட்டு வாங்கிப் போனார். கிணற்றடிக்கு அருகில் நட்டிருக்கிறார்.