காந்தாரத்தைத் திறந்து வையுங்கள்

புனேக்கு வேலைக்கும் படிப்புக்கும் வந்து தங்கியிருக்கும் நம் பிள்ளைகள் பலரின் அறையில் ஸ்டீல் கம்பி கிட்டார் ஒன்று இருக்கிறது. அதில் அயர்லாந்து, ஸ்காட்லாந்து மெட்டுகளை விரலால் மீட்டும் கெல்டிக் பாணியைக் கற்க விரும்புகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். அந்தப் பாணியின் சுருதியிலேயே ஒரு வாழ்க்கைப் பாடம் இருக்கிறது.

வழக்கமாகக் கிட்டாரின் ஆறு கம்பிகளும் இ, ஏ, டி, ஜி, பி, இ என்று நிற்கும். கெல்டிக் பாணிக்காரர் பலர் ஆறாவது, இரண்டாவது, முதல் கம்பிகளை மட்டும் ஒரு முழுச் சுரம் இறக்கி டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்று வைப்பார்கள். 1960களின் தொடக்கத்தில் டேவி கிரகாம் என்ற பிரிட்டிஷ் கலைஞர், மொராக்கோவில் ஊத் வாத்தியக்காரர்களோடு சேர்ந்து வாசிக்க வழி தேடியபோது அமைத்துக்கொண்ட சுருதி இது. டி கம்பியை ஷட்ஜமாக வைத்துப் பாடிப் பாருங்கள்: ச, ப, ச, ம, ப, ச. கிட்டத்தட்ட நம் தம்புரா!

இதில் காந்தாரம் இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்தர காந்தாரம் சேர்ந்தால் மேற்கத்தியர் மேஜர் என்பார்கள். சாதாரண காந்தாரம் சேர்ந்தால் மைனர். களிப்பும் சோகமும் பெரும்பாலும் அங்கேதான் பிரிகின்றன. இந்தச் சுருதி அதை முன்கூட்டி முடிவு செய்வதில்லை. ஷட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் அசையாமல் நிறுத்திவிட்டு, காந்தாரத்தை உங்கள் விரலிடம் விட்டுவிடுகிறது.

பிள்ளைகளே, வாழ்க்கையையும் அப்படி அமையுங்கள். நேர்மை, உழைப்பு, பெற்றவர் மீதும் நண்பர் மீதும் உள்ள பற்று ஆகியவை ஷட்ஜம பஞ்சமமாக நிற்கட்டும். முதல் வேலையில் வந்த சம்பளத்தையோ, ஒரு நேர்காணலில் கிடைத்த மறுப்பையோ வைத்து ‘என் வாழ்க்கை இவ்வளவுதான்’ என்று இருபத்து மூன்று வயதில் காந்தாரத்தைப் பூட்டிவிடாதீர்கள்.

இந்தப் பாணிக்காரர்கள் விரும்பி வாசிக்கும் டர்லக் ஓ'கரோலனை (1670–1738) எடுத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு வயதில் அம்மை நோய் அவர் பார்வையைப் பறித்தது. அதன் பிறகுதான் யாழ் போன்ற ஹார்ப்பைக் கற்றார்; குதிரையில் ஊர் ஊராகப் போய், ஆதரித்தவர்கள் பெயரில் இருநூறுக்கும் மேற்பட்ட மெட்டுகள் அமைத்தார். அவற்றில் எத்தனையோ துள்ளும் மெட்டுகள். பெரும்பாலும் மெட்டு மட்டுமே நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதன் கீழே அவர் மீட்டிய மந்தர சுரங்கள் வரவில்லை. அதை வாசிக்கிற ஒவ்வொருவரும் தம் கட்டைவிரலால் அந்த அடித்தளத்தைத் தாமே போட வேண்டும். பெரியவர்கள் உங்களுக்குத் தருவதும் அப்படித்தான். மெட்டைத் தரலாம், அடித்தளம் உங்கள் உழைப்பு.

ஆகவே முதலில் கட்டைவிரலைப் பழக்குங்கள். அது கீழ்க் கம்பிகளில் காலம் பிசகாமல் நடக்கட்டும். ‘ஜிக்’ என்ற நடனம் நம் திஸ்ர நடைதான்: தகிட தகிட என்று வாயால் சொல்லி, பிறகு மீட்டுங்கள். மேல் கம்பிகளில் மெட்டு வரும்போது, அடுத்த சுரத்துக்கு அவசியப்படும்வரை இடக்கை விரலை எடுக்காதீர்கள். ஒலி ஒன்றோடொன்று கலந்து ஹார்ப் போல நிற்கும். ‘கட்’ என்ற அணியை மெட்டு மனப்பாடமான பின்பே சேருங்கள். நம் கமகம் சுரத்தையே அசைக்கும். ‘கட்’ மேல் சுரத்தை ஒரு கணம் தட்டிவிட்டு வரும். வலக்கை ஒருமுறை மீட்ட, மற்றதை இடக்கை விரல் தட்டியும் இழுத்தும் செய்யும். மெதுவாகச் செய்ய வராத அணி வேகத்திலும் வராது.

அந்நிய இசை நம்மை மாற்றிவிடுமோ என்ற தயக்கம் வேண்டாம். சென்னையை அடுத்த மணலியில் இருந்தபோது பாலுசாமி தீட்சிதர் மேற்கத்திய வயலினைக் கற்றார்; இன்று அது இல்லாமல் கர்நாடகக் கச்சேரி ஏது? அவர் அண்ணன் முத்துசாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் இயற்றினார். அந்த நோட்டுசுவரங்களில் அயர்லாந்து, ஸ்காட்லாந்து மெட்டுகளும் உண்டு. தம் சுருதி உறுதியாக இருந்ததால் அவர்களால் பிறர் மெட்டை அச்சமின்றி வரவேற்க முடிந்தது.

புனேயில் இருப்பது உங்கள் பாக்கியம். பாடகர் பீம்சேன் ஜோஷி 1953-இல் தொடங்கிய சவாய் கந்தர்வ இசை விழாவுக்கு டிசம்பரில் போங்கள். பாட்டுக்கு முன்பே போய், தம்புரா சேர்வதைக் கேளுங்கள். மழைக்காலத்தில் கிட்டாரைப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். வாசித்து முடித்ததும் கம்பியைத் துடையுங்கள். ஈரத்தில் கம்பி துருப்பிடிக்கும், மரம் உப்பும். கருவியைப் பேணாதவனுக்குச் சுருதி நிற்காது.

இன்று மாலையே அந்த மூன்று கம்பிகளையும் இறக்குங்கள். எட்டு நாள் வேறொன்றும் வேண்டாம். ச, ப, ச மட்டும் மீட்டிக் காது நிறையக் கேளுங்கள். பிறகு எந்தக் காந்தாரம் வேண்டும் என்று நீங்களே தேர்ந்தெடுங்கள்.