ஆறாவது மாடிப் பாசனம்

மே 4
மன்னார்குடிப் பக்கம் நாற்பது வருஷம் நெல் விளைவித்தவர், நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு சென்னையில் மகன் வீட்டோடு வந்துவிட்டார். வயல் குத்தகைக்குப் போய்விட்டது. "ஒரு வருஷத்துக்குத்தாம்ப்பா" என்கிறான் மகன். குத்தகைக்காரரிடமும் அப்படித்தான் சொன்னானா என்று அவர் கேட்கவில்லை.

மே 6
பொழுது போகட்டும் என்று சாலையோர நர்சரியில் மருமகள் மூன்று செடி வாங்கினாள்: மணி பிளான்ட், ஸ்நேக் பிளான்ட், இசட் இசட். "கவனிக்காம விட்டாலே வளரும் சார்" என்றார் நர்சரிக்காரர். அது செடிக்குப் பெருமையாக அவருக்குப் படவில்லை.

மே 7
காலையும் மாலையும் தண்ணீர்.

மே 23
ஸ்நேக் பிளான்ட்டின் ஓர் இலையைத் தொட்டார், கையோடு வந்துவிட்டது. அடி வெந்த வெண்டைக்காய் மாதிரி குழைந்திருந்தது. அழுகிய வைக்கோல் வாடை. அழகான பீங்கான் தொட்டி, அடியில் ஓட்டை இல்லை.

தண்ணீரில் நிற்கிற நெல்லுக்கு ஏன் இப்படி ஆவதில்லை? நெல்லின் தண்டுக்குள் காற்றுப் பாதை உண்டு; மேலேயிருந்து வேருக்கு மூச்சு இறங்கும். இதற்கு அந்த வசதி கிடையாது. மண்ணின் இடுக்குகளில் இருந்த காற்றைத் தண்ணீர் வெளியேற்றிவிட்டால் வேர் திணறும், அப்புறம் அழுகும். இசட் இசட்டோ மண்ணுக்கடியில் கிழங்கில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்கிற செடி. அதற்கும் இரண்டு வேளை பாய்ச்சியிருக்கிறார்.

"விரலை விட்டுப் பாருங்க மாமா. உள்ளே காய்ஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க." கணுக்கால் சேற்றில் ஆயுசைக் கழித்தவருக்கு விரலால் மண் பார்க்கப் பாடம்!

மே 26
ஸ்நேக் பிளான்ட்டின் நல்ல இலை ஒன்றை நாலு விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, இரண்டு நாள் உலரவிட்டு, ஓட்டையுள்ள மண்தொட்டியில் மணலில் ஊன்றினார். தலைகீழாக ஊன்றினால் வேர் விடாது. எது அடி என்று ஸ்கெட்ச் பேனாவால் குறித்துக் கொடுத்தது பேத்தி. இலைத்துண்டிலிருந்து வரும் கன்றுக்கு மஞ்சள் விளிம்பு இருக்காதாம், வெறும் பச்சைதானாம்.

வேர் வரட்டும், கரையை அப்புறம் பார்ப்போம் என்றார்.

ஜூன் 3
செடி வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும், நாசாவே சொல்லியிருக்கிறது என்று மகன். 1989-இல் வந்த அந்த ஆய்வு மூடிய சிறு அறைகளில் நடந்தது. 2019-இல் வெளியான மறு ஆய்வின் கணக்கு வேறு: சாதாரணக் காற்றோட்டத்துக்கு ஈடாகச் சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வரை வேண்டும். ஹால் 200 சதுர அடி. குறைந்தது 186 தொட்டி.

"நாத்தங்கால்தான் போடணும்" என்று எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். ரொம்ப நாளைக்கப்புறம் சிரிப்பு.

ஜூன் 12
மேட்டூர் அணை திறக்கிற நாள். தொட்டிகளைத் தொடவில்லை.

ஜூன் 17
மணி பிளான்ட் எப்போது பூக்கும் என்று பேத்தி கேட்டாள். தானாகப் பூப்பது மிக அபூர்வம். பூக்கத் தேவையான ஜிப்பரெல்லின் ஹார்மோன் அதற்குள் போதுமான அளவு ஊறுவதில்லை. மகசூலே கேட்காமல் அவர் பார்க்கிற முதல் பயிர். இன்று அதில் புது இலை ஒன்று, பீடி மாதிரி சுருண்டு.

ஜூன் 29
குத்தகைக்காரர் போன் செய்தார். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதாம். அடுத்த வருஷமும் தானே பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார். மகனைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

மகனிடம் கேட்கவில்லை. பால்கனிக்குப் போய், வேர் பிடித்ததா என்று இலைத்துண்டை லேசாக அசைத்துப் பார்த்தார். ஆடியது. மணலை அணைத்துவிட்டு, விரலை விட்டுப் பார்த்தார். உள்ளே இன்னும் ஈரம்.