மகளுக்கு வாங்கிய ப்ராசசர்

ஆடிப் பதினெட்டு என்றால் மற்ற ஊர்ச் சகோதரிகளுக்குச் சித்ரான்னமும் தாலிச்சரடு மாற்றுவதும்தான் நினைவுக்கு வரும். எங்கள் திருத்தங்கல், சிவகாசிப் பக்கத்தில் அதோடு இன்னொன்றும் உண்டு. அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பங்கள் அன்றைக்குத்தான் வெளியாகும். அதற்குப் பிறகு ஜவுளிக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை என்று ஆர்டர் வர ஆரம்பித்தால் மார்கழி வரைக்கும் டிசைன் போடுகிறவர்களுக்குத் தலை நிமிர நேரமிருக்காது.

என் மகள் அந்த வேலைதான் செய்கிறாள். கல்யாணத்துக்கு முன் சிவகாசியில் ஒரு டி.டி.பி. சென்டருக்குப் போய்க்கொண்டிருந்தாள். குழந்தை பிறந்த பிறகு வேலை வீட்டுக்கு வந்துவிட்டது. காலண்டர் அடியில் கடைப் பெயர் சேர்ப்பது, பட்டாசுப் பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அவள் பொறுப்பு. மருமகன் கல்யாண வீடியோ எடுக்கிறவர். அதை வெட்டி ஒட்டுவதும் இவள்தான். திருவிழா சமயத்தில் ஆட்டோவில் ஒலிபரப்பும் கடை விளம்பரத்துக்குக் குரலும் கொடுப்பாள். ஆக படம், ஒலி, வீடியோ மூன்றும் ஒரே கம்ப்யூட்டரில் ஓட வேண்டும். இருந்ததோ ஒரு அச்சகத்தில் கழித்துப் போட்ட பழைய பெட்டி. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இராத்திரி ஒரு மணிக்கு அது வேலையை முடிக்கட்டும் என்று காத்திருப்பாள். பால் கொடுக்கிற பெண் அப்படிக் கண் விழித்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்?

2024-ம் வருஷம் ஆனியில் புதிதாக ஒன்று வாங்குவது என்று தீர்மானித்தோம். கையிலிருந்தது 60,000 ரூபாய். பாதி என் சிறுவாடு, மீதி மகளிர் குழுக் கடன். திருப்பிக் கட்டவேண்டிய பணம் என்பதால் எந்த ப்ராசசர் என்பதில் நானும் மூக்கை நுழைத்தேன். "என்ன வேகம் வேணும்மா உனக்கு?" என்று மகளைக் கேட்டேன். "பிள்ளை மத்தியானம் தூங்குறது ஒன்றரை மணி நேரம். அதுக்குள்ள வேலை முடியணும், அவ்வளவுதாம்மா" என்றாள். கடைக்குப் போன இடத்தில் கேட்ட எந்தக் கணக்கைவிடவும் இது எனக்குத் தெளிவாக இருந்தது.

ப்ராசசர் என்பது கம்ப்யூட்டரின் மூளை என்று எல்லோரும் சொல்கிறார்கள். மூளை என்று சொல்லிவிட்டால் விலை எப்படிப் புரியும்? எனக்குப் பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிற பெண்களை வைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. 'கோர்' என்பது பின்ன உட்கார்ந்திருக்கும் பெண். 'கிகாஹெர்ட்ஸ்' அவள் விரல் வேகம். 'த்ரெட்' என்பது ஒருத்திக்கு முன்னால் இரண்டு தட்டு வைப்பது மாதிரி. ஒரு தட்டில் வெடி வந்து சேராவிட்டால் கை சும்மா இராமல் அடுத்த தட்டுக்குப் போகும். அதற்காக ஆள் இரண்டாகிவிட மாட்டாள். நூறு சரம் பின்ன வேண்டுமென்றால் பத்துப் பேரை உட்கார வைக்கலாம். ஒரே சரத்தைப் பத்துப் பேர் பின்ன முடியுமா? முதல் முடிச்சு விழுந்தால்தானே அடுத்த முடிச்சு? அங்கே கைவேகமுள்ள ஒருத்திதான் வேண்டும்.

வீடியோ என்பது நூறு சரம். நொடிக்கு 25 படம் என்றால் ஒரு மணி நேரக் கல்யாணக் கேசட்டில் (பழக்கதோஷம், இப்போது எங்கே கேசட்?) 90,000 படம். பகிர்ந்து கொடுத்தால் எத்தனை பெண்கள் இருந்தாலும் வேலை இருக்கும். கோரல்டிராவில் லேபிள் வரைவதும் ஃபோட்டோஷாப்பில் பல வேலைகளும் ஒற்றைச் சரம். இதைச் சோதிக்க வழியும் உண்டு. வேலை நடக்கும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். 12 த்ரெட் உள்ள ப்ராசசரில் ஒருத்தி மட்டும் மூச்சு வாங்க உழைத்தால் மொத்தக் கணக்கு 8 சதவீதம்தான் காட்டும். 'ப்ராசசர் சும்மாதானே இருக்கிறது, ஏன் இழுக்கிறது?' என்று தோன்றும். மற்ற பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மதுரையிலிருந்து என் நாத்தனார் மகன் போன் செய்தான். "அத்தை, பழைய ஆபீஸ் மெஷின் ஒண்ணு வருது. ஜியான் ப்ராசசர், 14 கோர். விலை பாதிதான், விட்டுராதீங்க." எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. விசாரித்தால் ஜியான் ஈ5-2680 வி4, 2016-ல் வந்தது. கூட்டம் உண்டு, விரல் வேகம் இல்லை, முடுக்கினாலும் 3.3 கிகாஹெர்ட்ஸ். 2022-ல் வந்த இன்டெல் ஐ5-12400-ல் ஆறே பேர், 12 த்ரெட், வேகம் 4.4 வரை. போதாததற்கு, புதிய தலைமுறைப் பெண் ஒரு கைவீச்சில் போடும் முடிச்சும் அதிகம். கிகாஹெர்ட்ஸை மட்டும் ஒப்பிட்டால் இது தெரியாது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 வரைதான் ஆதரவு என்று மைக்ரோசாஃப்ட் அப்போதே சொல்லியிருந்தது. விண்டோஸ் 11-க்கான பட்டியலில் அந்தப் பழைய ஜியான் இல்லை. பையனிடம் நயமாக வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

சிவகாசிக் கடைக்கு மகள் வெறும் கையோடு வரவில்லை. நிஜமான ஒரு காலண்டர் ஃபைலும் மருமகன் கேமராவில் எடுத்த ஐந்து நிமிஷ வீடியோவும் பென் டிரைவில் இருந்தன. அங்கே ஓடிக்கொண்டிருந்த மெஷின்களில் அதையே போட்டுப் பார்த்தாள். கடைத் தம்பி நல்ல பையன், முகம் சுளிக்கவில்லை. விலைப் பட்டியலில் ஐ5-12400 என்றும் ஐ5-12400எஃப் என்றும் இரண்டு இருந்தது. எஃப் விலை குறைவு. ஏன் என்று கேட்டேன். "எஃப்புல உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாதும்மா, தனியா கார்டு போடணும்" என்றான்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள் சகோதரிகளே. இன்டெல் ப்ராசசரின் உள் கிராபிக்ஸில் 'குவிக் சிங்க்' என்று ஒரு பகுதி உண்டு. கேமரா வீடியோவைச் சுருட்டித்தான் வைக்கிறது. அதைப் பிரிப்பதும் திரும்பச் சுருட்டுவதும்தான் பெரிய வேலை. அதற்கென்றே பிறந்தவள் இவள். மருமகன் கேமரா 10 பிட், 4:2:2 என்ற வகையில் ஹெச்.இ.வி.சி.யாகப் பதிகிறது; நிறத்தைக் கூடுதலாகக் காப்பாற்றும் வகையாம். அதைப் பிரிக்கும் திறமை இன்டெல் 11-ம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசரிலிருந்து உண்டு. என்விடியாவின் கிராபிக்ஸ் கார்டுகளுக்கே அது 2025-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 50 வரிசையில்தான் கிடைத்தது. எஃப் வாங்கியிருந்தால் சொற்பப் பணம் மிஞ்சி, இந்த உதவிக்காரி போயிருப்பாள். எடிட்டிங் மென்பொருளும் அவளைக் கூப்பிடத் தெரிந்ததாக இருக்க வேண்டும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏஎம்டி ரைசனும் பார்த்தோம். 5700ஜி-யில் எட்டு கோர், உள் கிராபிக்ஸும் உண்டு. எங்கள் கேமரா மட்டும் வேறாக இருந்தால் அதையே வாங்கியிருப்போம். ஏஎம்5 சாக்கெட் என்றால் 2027 வரைக்குமாவது புது ப்ராசசர் மாற்றிக்கொள்ளலாம் என்று அந்தக் கம்பெனி சொல்லியிருக்கிறது. ஆனால் மதர்போர்டும் டிடிஆர்5 மெமரியும் சேர்ந்து எங்கள் மடியைத் தாண்டிப் போயிற்று.

நாங்கள் யோசித்துக்கொண்டிருந்த அந்த ஜூலை கடைசியில்தான் இன்டெல் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்கள் பல, மின்னழுத்தக் கோளாறால் நிலை தடுமாறுகின்றன என்று கம்பெனியே ஒப்புக்கொண்ட செய்தி வந்தது. உத்தரவாதத்தை இரண்டு வருஷம் நீட்டித்தார்கள், திருத்தமும் வெளியிட்டார்கள். 12-ம் தலைமுறைக்கு அந்தத் தொல்லை இல்லை. 'புதுசு வேண்டும்' என்று பிடிவாதமாக இருந்த மருமகன் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

ஐ7-க்குப் போகாமல் மிச்சம் பிடித்த பணம் மெமரிக்குப் போயிற்று. 15க்கு 20 அங்குலக் காலண்டர் தாளை அச்சுக்கு வேண்டிய 300 டி.பி.ஐ.யில் வைத்தால் 2 கோடியே 70 லட்சம் புள்ளி. நாலு மைக்கு நாலு பைட் என்றால் ஒரு லேயருக்கே 108 எம்.பி. முருகன், மயில், வேல், பின்னால் மலை என்று இருபது லேயர் போட்டால் 2 ஜி.பி.யைத் தாண்டிவிடும். அதனால் 32 ஜி.பி. ரேம், ஒரு டி.பி. என்.வி.எம்.இ. டிஸ்க்.

ஒலி வேலைக்கு எத்தனை பேர் என்பதைவிட நேரம் தவறாமைதான் முக்கியம். நொடிக்கு 48,000 துணுக்கு. 256 துணுக்காக எடுத்தால் ஒவ்வொரு கைப்பிடிக்கும் 5 மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் மேல்தான் அவகாசம். அதற்குள் முடியாவிட்டால் குரலில் 'டிக்' என்று விழும். இதற்கு ஆறு பேர் தாராளம். ஆனால் மைக் பக்கத்தில் விசிறி இரையக் கூடாது. எங்கள் ஊர் வெயில் தெரியுமே! இந்த ப்ராசசர் சாதாரணமாக 65 வாட், அவசரத்துக்கு 117 வாட் வரை போகும். பழைய கூரை விசிறி ஒன்று 75 வாட், கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். வாரம் ஒரு தரம் வலையைத் துடைப்பது என் வேலை.

"ஆடியில புதுசு எதுக்குடி?" என்ற என் மாமியாரைப் பெருக்கன்று வாங்கினால் பெருகும் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தோம். முதல் கல்யாண வீடியோ சுருளும்போது தொட்டிலுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி பத்து நிமிஷம். பேரன் அதற்குப் பிறகும் தூங்கினான். அவன் பக்கத்தில் அவளும் படுத்தாள்.

குழுக் கடன் அந்தத் தை மாதமே அடைந்துவிட்டது. மதர்போர்டில் இரண்டு மெமரி இடம் காலியாக இருக்கிறது. வாணவேடிக்கை விளம்பரத்துக்கு முப்பரிமாணப் படம் கேட்டு ஒரு கம்பெனி வந்திருக்கிறது. அந்த வேலைக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டுமாம். முன்பணம் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.